'அரதப் பழசு': எதற்குச் சொல்லலாம், எதற்குச் சொல்லக் கூடாது?

கயல்_துணையுரை

எல்லோருக்கும் வணக்கம். ஆவணப்படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறேன். இப்போது ஒரு சொல்லில் வேலை நிற்கிறது.

ஒரு காட்சியில், ஆய்வகத்தின் மூலையில் கிடக்கும் கணினியைக் காட்டி ஒருவர் அலுத்துக்கொள்கிறார். "இது அரதப் பழசு" என்று போட்டேன். அடுத்த காட்சியில் ஒரு கல்வெட்டைத் தடவியபடி ஓர் ஆய்வாளர், இது எவ்வளவு பழையது தெரியுமா என்று வியக்கிறார். அங்கேயும் அதே சொல்லைப் போடலாம் என்பது என் எண்ணம். கூட வேலை செய்பவர் கூடவே கூடாது என்கிறார். காரணம் கேட்டால் "காதுக்கு ஒட்டலை" என்பதோடு முடித்துக்கொள்கிறார்.

'அரதப் பழசு' என்றால் மிகவும் பழையது. கணினியைவிடக் கல்வெட்டுக்கு வயது பல மடங்கு. அப்படியானால் கல்வெட்டுக்குத்தானே அந்தச் சொல் இன்னும் பொருந்த வேண்டும்? விளக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எழுத்திலும் குழப்பம் இருக்கிறது. அரத, அருத, அறத, அறுத என்று நான்கு விதமாகவும் கண்ணில் படுகிறது.

மெய்ப்புத்திருத்தி

உங்கள் கூட்டாளியின் காது சரியாக இருக்கிறது, கயல். காரணத்தை நான் சொல்லிப் பார்க்கிறேன்.

இந்தச் சொல் வயதை அளப்பதில்லை. இன்னும் இதை வைத்துக்கொண்டு இருக்கிறார்களே என்கிற சலிப்பைத்தான் சொல்கிறது. பத்து வருடத்துக்கு முன் வந்த கைபேசியை யாராவது எடுத்தால் "என்னப்பா, அரதப் பழசா இருக்கு" என்போம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய செப்பேட்டைப் பார்த்து அப்படி யாரும் சொல்வதில்லை. கைபேசிக்குப் பின்னால் புதிய மாடல்கள் வரிசையாக வந்துவிட்டன, அது பந்தயத்தில் பின்தங்கிப் போனது. செப்பேடு எந்தப் பந்தயத்திலும் இல்லை. அதன் இடத்துக்குப் புதுச் செப்பேடு ஒன்று வந்து அதைத் தள்ளிவிடப் போவதும் இல்லை.

ஆகவே எதைப் பற்றி இந்தச் சொல்லைச் சொன்னாலும், 'இதற்குப் பதிலாக வேறொன்று வந்தாயிற்று, வந்து ரொம்ப நாளும் ஆயிற்று' என்ற பொருள் உள்ளே ஒட்டிக்கொண்டே வரும். மென்பொருளின் பதிப்பு, பாடத்திட்டம், வாதம், நகைச்சுவைத் துணுக்கு, திரைக்கதை உத்தி, சாக்குப்போக்கு. இவற்றுக்கெல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். மலை, ஆறு, மொழி, கோயில் எதற்கும் பொருந்தாது. தமிழை அரதப் பழசான மொழி என்று ஒருவர் எழுதினால், அதற்கு வயது அதிகம் என்று வாசகர் புரிந்துகொள்ள மாட்டார். இவர் தமிழைத் திட்டுகிறார் என்றுதான் புரிந்துகொள்வார்.

கல்வெட்டுக் காட்சிக்குத் 'தொன்மையானது' போடுங்கள். அவர் பேச்சு நடையில் பேசுகிறார் என்றால் "எவ்வளவு காலத்துக்கு முந்தினது தெரியுமா" என்றே எழுதிவிடலாம்.

வரிவிளிம்பு

மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி. 'சலிப்பு' என்று முடித்துவிட்டதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அன்போடும் இதைச் சொல்கிறோமே. "அரதப் பழசு ஜோக்தான், ஆனா இன்னைக்கும் சிரிப்பு வருது" என்று சொல்வதில் சலிப்பு எங்கே இருக்கிறது?

மெய்ப்புத்திருத்தி

அந்த வாக்கியத்தில் 'ஆனா' எதற்கு வந்தது என்று பாருங்கள். சொல் ஒரு பக்கம் இழுப்பதால்தான் 'ஆனா' போட்டு மறுபக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது. "தொன்மையான கோயில், ஆனா அழகா இருக்கு" என்று யாரும் பேசுவதில்லை. 'தொன்மை'க்கு அந்த 'ஆனா' தேவைப்படுவதே இல்லை.

நிகண்டுநேசன்

கயல், நல்ல கேள்வி. பழமையைக் குறிக்கும் சொற்கள் தமிழில் தட்டுத் தட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. எந்தத் தட்டில் எதை வைக்கிறோம் என்பதைப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

மேல் தட்டில் 'பழ' என்ற அடி அடுத்த சொல்லோடு சேர்ந்து நிற்கும்: பழந்தமிழ், பழமொழி, பழங்குடி, பழம்பெரும் நடிகர். எல்லாவற்றிலும் ஒரு மதிப்பு உண்டு. (விதிவிலக்கும் உண்டு. 'பழம் பெருச்சாளி' என்று ஒருவரைச் சொன்னால் மதிப்பு எங்கே இருக்கிறது? அங்கே பின்னால் வரும் பெருச்சாளி வேலையைக் காட்டிவிடுகிறது.)

நடுத்தட்டில் 'பழைய'. இதில் மதிப்பும் இல்லை, இழிவும் இல்லை. ஆனால் ஒரு இரட்டைப் பொருள் இருக்கிறது, கவனம் தேவை. 'பழைய நண்பர்' என்றால் நீண்ட கால நண்பரா, இப்போது நண்பராக இல்லாதவரா? 'பழைய மாணவர்' என்றால் முன்னாள் மாணவர், அவருக்கு 22 வயதாகக்கூட இருக்கலாம். சப்டைட்டிலில் இந்த இடம் அடிக்கடி காலை வாரும்.

கீழ்த்தட்டில்தான் 'பழசு'. பழைது, பழையது என்பதன் பேச்சு வடிவம். புதிது புதுசானது போல, பெரிது பெருசானது போல இது பழசானது. ஐந்து அஞ்சாவதும் வைத்து வச்சாவதும் இதே போக்குத்தான். இகர ஐகார ஒலிகளை அடுத்து வரும் தகரம் பேச்சில் சகரமாகத் திரியும். வடிவம் பேச்சுக்குரியது, அதனால் அதன் இடமும் பேச்சுதான். அதன் தலையில் 'அரத'வை ஏற்றும்போது தட்டு இன்னும் கீழே இறங்குகிறது.

வள்ளுவர் 81ஆம் அதிகாரத்துக்கே 'பழைமை' என்று பெயர் வைத்தார். முதல் குறளே 'பழைமை எனப்படுவது யாதெனின் யாதும் கிழமையைக் கீழ்ந்திடா நட்பு' என்று கேட்டு விடையும் சொல்கிறது. நண்பர் உரிமையோடு செய்ததைச் சிதைக்காமல் ஏற்கும் நெடுநாள் நட்புக்குப் பெயர் பழைமை. அந்த இடத்தில் 'பழசு' என்று வைத்துப் பாருங்கள், அதிகாரமே சரிந்துவிடும். அடி ஒன்றுதான், உட்காரும் இடம் வேறு.

புதுவரவு_23

ஐயா, 'பழசு' என்பதே இழிவா? "பழசை மறக்காதே" என்று நல்லபடியாகச் சொல்கிறோமே?

நிகண்டுநேசன்

இல்லை தம்பி, 'பழசு' தனியாக நின்றால் இழிவில்லை. அது பேச்சுச் சொல், அவ்வளவே. 'பழசை மறக்காதே', 'பழசையெல்லாம் கிளறாதே' இரண்டிலும் நடந்து முடிந்ததைத்தான் குறிக்கிறது. இழிவைக் கொண்டுவருவது 'அரத'. அதனால்தான் 'அரதப் பழசை மறக்காதே' என்று யாருக்கும் வாய் வராது.

சொல்வேட்டை

எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், 'அரத' தனியாக உலவும் சொல் இல்லை. அரதப் புதுசு கிடையாது, அரதப் பெருசு கிடையாது. 'அரதப் பழைய' என்று சிலர் சொல்லக் கேட்கலாம். 'அரதப் பழமை' வராது. பழசோடு மட்டுமே ஒட்டி வாழும் சொல் இது. தமிழில் இப்படி ஒரே ஒரு சொல்லுக்கு என்றே அமைந்த மிகைச் சொற்கள் ஏராளம். புத்தம் புதுசு, பென்னம் பெரிய, தன்னந் தனி, கன்னங் கரேல், செக்கச் செவேல், கும்மிருட்டு, பட்டப் பகல், அண்டப் புளுகு. 'கும்'மை எடுத்து வெளிச்சத்துக்கு முன்னால் போட முடியாது, 'பட்ட'வை ராத்திரிக்குப் போட முடியாது.

இதில் ஒரு வேறுபாடு உண்டு. புத்தம் புதுசு, பென்னம் பெரிய போன்றவை அந்தச் சொல்லின் முதல் ஒலியையே இரட்டித்துப் பிறந்தவை. புதுசிலிருந்து புத்தம், பெரியதிலிருந்து பென்னம். அந்த வழியில் போயிருந்தால் பழசுக்கும் பகரத்தில் தொடங்கும் ஒரு அடை கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததோ 'அரத'. ஆக அது வெளியிலிருந்து வந்து ஒட்டிய சொல். எங்கிருந்து என்பதில் இரண்டு கட்சிகள்.

ஒரு கட்சி 'ரதம்' என்கிறது. ரகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது, முன்னால் அ, இ, உ என்ற குறில்களில் ஒன்று சேரும் என்று நன்னூல் 148ஆம் நூற்பா சொல்கிறது. அரங்கன், இராமன், உரோமம் எல்லாம் அப்படி வந்தவை. அதே போல ரதம் 'அரதம்' ஆயிற்று, தேர் ஓடிய காலத்துப் பழசு என்பது அவர்கள் விளக்கம்.

இன்னொரு கட்சி 'அற' என்கிறது. முற்றிலும், முழுக்க என்ற பொருளில் 'அற' பழைய தமிழில் தாராளமாக வரும். 'அற நனைந்தவனுக்குக் கூதல் என்ன', 'அறப் படித்தவன் அங்காடி போனால் விற்கவும் மாட்டான் கொள்ளவும் மாட்டான்' என்ற பழமொழிகளில் இன்றும் நிற்கிறது. முழுக்க நனைந்தவன், கரைத்துக் குடித்த படிப்பாளி. அந்தக் கணக்கில் அறப் பழசு என்றால் முற்றிலும் பழசு. நடுவில் நிற்கும் தகரத்துக்கு 'அறுதி'யைக் காட்டுகிறார்கள். அறுதியிட்டுச் சொல்வது, அறுதிப் பெரும்பான்மை என்பதில் உள்ள அறுதிதான். அறுதிப் பழசு பேச்சில் தேய்ந்து அறுதப் பழசு.

நான் இரண்டாம் கட்சி. 'தேர்க் காலத்து' என்று பொருள் வேண்டுமானால் தமிழ் 'காலம்' என்ற சொல்லைக் கட்டாயம் நடுவில் வைக்கும். தாத்தா காலத்துப் பெட்டி, ஆதி காலத்து முறை, மாந்தாதா காலத்துக் கதை. 'தாத்தாப் பழசு' என்று நாம் சொல்வதில்லை. ஆனால் அளவைச் சொல்லும் அடை நேராகப் போய்ப் பெயரோடு ஒட்டும். 'அரத' நேராக ஒட்டுகிறது. அதனால் அது காலத்தின் பெயராக இருப்பதைவிட அளவைச் சொல்லும் சொல்லாக இருப்பதே தமிழின் இயல்புக்குப் பொருந்துகிறது. பொருளும் இடிக்கவில்லை. அறுதல் என்றால் முடிந்துபோதல், மேலே மெய்ப்புத்திருத்தி சொன்ன 'வேறொன்று வந்தாயிற்று' என்ற தொனி அங்கேயே இருக்கிறது.

தேர்ப்பாகன்

முதல் கட்சிக்காக ஒரு வார்த்தை. எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இடையின ரகரம்தான் போடுகிறார்கள். அறுதியிலிருந்து வந்திருந்தால் எங்காவது வல்லின றகரம் பிடிவாதமாக நின்றிருக்காதா?

சொல்வேட்டை

நின்றுகொண்டுதான் இருக்கிறது, கயல் சொன்ன நான்கில் இரண்டு றகரம். பேச்சுவழக்கு பலவற்றில் ர, ற இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டன. காதால் மட்டுமே கேட்டுப் பழகிய ஒரு சொல்லை முதன்முதலாக எழுத உட்காருகிறவர் எளிதாகக் கைக்கு வரும் ரகரத்தைப் போடுவார். ஆகவே எழுத்தை எண்ணிப் பார்த்து வேரைச் சொல்ல முடியாது. இந்த வேறுபாடு ஒலியில் உயிரோடு இருக்கும் வட்டாரத்துக்காரர்கள் இதை எப்படி உச்சரிக்கிறார்கள் என்பதுதான் உண்மையான சாட்சி.

மலைச்சரிவு

மலையாளத்தில் ர, ற வேறுபாடு இன்றும் காதில் விழும்படி இருக்கிறது. அங்கே 'பழய' உண்டு, 'பழக்கம்' உண்டு. கன்னடத்தில் பகரம் ஹகரமாகி, ழகரம் ளகரமாகி 'ஹளெ' என்று நிற்கிறது. பழைய கன்னடத்துக்கு ஹளெகன்னடம் என்றுதானே பெயர். அடிச்சொல் இந்த மொழிகளுக்குப் பொது. தலையில் ஏறிய அடைதான் நம்முடையது.

மாந்தாதாவைப் பற்றி மேலே சொன்னதால் இதையும் சொல்கிறேன். புராணங்களில் வரும் சூரிய குலத்து அரசன் அவன். வங்காளிகளும் ஒரு பொருள் மிகவும் பழசு என்றால் 'மாந்தாதாவின் காலம்' என்றுதான் சொல்கிறார்கள். அவ்வளவு தூரத்தில் இருக்கிறவர்களும் பழமைக்கு அதே அரசனைத் தேடிப் போனது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கயல்_துணையுரை

இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. இதே படத்தில் ஒரு பெண், தன் மேலதிகாரியின் சிந்தனையைப் பற்றிப் பேசும்போது ஆள் ரொம்பப் பழைய காலம் என்று பொருள்படச் சொல்கிறாள். 'அவர் அரதப் பழசு' என்று ஆளுக்கே போடலாமா?

வரிவிளிம்பு

ஆளுக்கு வேண்டாம். 'அவர் அரதப் பழசு' என்றால் அவருடைய வயதைச் சொல்லிக் கேலி செய்வது போல ஆகிவிடும். அவள் குறை சொல்வது வயதை அல்ல, சிந்தனையை. "அவரோட யோசனையெல்லாம் அரதப் பழசு" என்று பொருளின் மேல் போடுங்கள், மனிதர் தப்பிப்பார்.

ஆளையே சொல்ல வேண்டுமானால் 'பழம் பஞ்சாங்கம்' இருக்கிறது. பஞ்சாங்கம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அடுத்த வருடத்துக்குப் புதிது வந்த பிறகும் பழையதைப் பார்த்து நாள் குறிக்கிறவர் என்று பொருள். மனிதரின் வயதைத் தொடாமல் அவர் பிடிவாதத்தை மட்டும் தொடுகிற சொல். முப்பது வயதுக்காரரையும் சொல்லலாம்.

நிகண்டுநேசன்

'கர்நாடகம்' என்ற சொல்லும் உண்டு. 'ஆள் சுத்தக் கர்நாடகம்' என்றால் பழைய பழக்கவழக்கத்தை விடாதவர். இன்றைய இளையவர்களுக்குப் பாட்டு மட்டும்தான் நினைவுக்கு வரும், அதனால் சப்டைட்டிலுக்கு உதவாது. பழைய கதைகளைப் படிக்கும்போது கண்ணில் பட்டால் தெரிந்துகொள்ளலாம்.

'பெருசு' பற்றி யாரும் சொல்லவில்லையே. முதியவரை 'பெருசு' என்பது நெருக்கத்தில் செல்லம், அறியாதவரிடம் அவமதிப்பு. யார் யாரிடம் சொல்கிறார் என்பதைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

குறிமுறை_குமரன்

நான் மென்பொருள் பக்கம். எங்கள் வேலையில் இந்தச் சொல் தினமும் அடிபடும், அதனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆவணம் எழுதும்போது இதைக் கலந்துவிட்டால் படிக்கிறவருக்கு உண்மையிலேயே கெடுதல்.

'காலாவதியான' என்பது ஒரு தேதியைத் தாண்டியது. உரிமம், சான்றிதழ், கடவுச்சொல், மருந்து. நேற்று வரை செல்லும், இன்று செல்லாது. புத்தம் புதிய பொருள்கூட காலாவதியாகலாம்.

'வழக்கொழிந்த' என்றால் யாரும் இப்போது பயன்படுத்துவதில்லை. பிளாப்பி டிஸ்க் வழக்கொழிந்தது. அதில் குறை சொல்லும் தொனி இல்லை, ஒரு நிலையைச் சொல்கிறோம்.

'அரதப் பழசு' இதற்கு நேர் எதிர் என்பேன். பயன்பாட்டில் இருந்தால்தான் இந்தச் சொல்லே வரும். அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கணினியை யாரும் அரதப் பழசு என்று திட்டுவதில்லை. அதே கணினியை என் மேசையில் வைத்து இதில் வேலை செய் என்று கொடுத்தால், வாயைத் திறந்ததும் முதலில் வருவது அந்தச் சொல்தான்.

மெய்ப்புத்திருத்தி

குமரன், இதைத்தான் நான் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அருங்காட்சியகமும் மேசையும், கச்சிதம். கயலின் இரண்டு காட்சிகளும் இதுதான். கல்வெட்டு இப்போது யாருக்கும் வேலை செய்து கொடுக்க வேண்டியதில்லை. மூலையில் கிடக்கும் கணினி செய்து கொடுக்க வேண்டும்.

இதனால் ஒரு அரசியல் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'அரதப் பழசான சட்டம்' என்று செய்தியில் எழுதினால், அந்தச் சட்டத்தை நீக்க வேண்டும் என்று எழுதுகிறவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். கருத்துக் கட்டுரை என்றால் தாராளமாக எழுதலாம். செய்தி என்றால் சட்டம் வந்த ஆண்டைப் போடுங்கள், பழசா இல்லையா என்று வாசகர் பார்த்துக்கொள்வார். என்னிடம் வரும் பிரதிகளில் நான் பிடிவாதமாகத் திருத்துகிற இடம் இது.

புதுவரவு_23

அப்போ 'விண்டேஜ்', 'ஆன்டிக்', 'ரெட்ரோ'வெல்லாம்? அதே பழைய கேமராவை ஒருத்தர் அரதப் பழசு என்கிறார், இன்னொருத்தர் விண்டேஜ் என்கிறார்.

வரிவிளிம்பு

கேமராவில் மாற்றம் இல்லை, வைத்திருப்பவருக்கு அது எதற்கு என்பதில்தான் மாற்றம். வேலைக்கு வைத்திருந்தால் அரதப் பழசு, ஆசைக்கு வைத்திருந்தால் விண்டேஜ். தமிழில் அந்த ஆசைக்கு நெருக்கமாக 'அந்தக் காலத்து' இருக்கிறது. 'அந்தக் காலத்துக் கேமரா' என்று சொல்லும்போது குரலே குழையும். கடன் வாங்கிய மூன்று சொல்லுக்கும் பல இடங்களில் அதைப் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

தேர்ப்பாகன்

இந்த மாதிரிப் பேச்சுச் சொற்களை எழுத்தில் விடுவதே தவறு என்று சொல்ல ஒருவராவது வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை, நல்லது.

நிகண்டுநேசன்

வந்தாலும் தொல்காப்பியரே பதில் சொல்லிவிடுவார்: 'கடிசொல் இல்லை காலத்துப் படினே'. காலத்தோடு வந்து வழங்கும் சொல்லைத் தள்ளுவதற்கில்லை. நன்னூலாரும் 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே' என்று 462ஆம் நூற்பாவில் வழிவிட்டிருக்கிறார். எங்கே வைக்கிறோம் என்ற பொறுப்பு மட்டும் நம்முடையது.

கயல்_துணையுரை

இப்படி முடித்திருக்கிறேன், சரியா பாருங்கள்.

கணினிக் காட்சி: "இது அரதப் பழசு. இன்னும் இதுலதான் ஓட்டறோம்."
கல்வெட்டுக் காட்சி: "இது எவ்வளவு தொன்மையானது தெரியுமா?"
மேலதிகாரி: "அவர் ஒரு பழம் பஞ்சாங்கம்."

எழுத்து மட்டும் மீதி. எதைப் போடட்டும்?

மெய்ப்புத்திருத்தி

மூன்றும் சரி. திரையில் ஒரு வரி நிற்பது சில வினாடிதான், வாசகர் எழுத்தில் தடுக்கக் கூடாது. பலருக்கும் கண்ணுக்குப் பழகியது 'அரதப் பழசு', அதையே போடுங்கள். 'ப்' விடாதீர்கள். படம் முழுக்க ஒரே மாதிரி வரட்டும்.

சொல்வேட்டை

என் வாக்கு அறுதிக்கு என்றாலும் சப்டைட்டிலில் ரகரம் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ர, ற பிரித்துப் பேசும் வட்டாரத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், வீட்டுப் பெரியவர்கள் வாயில் இந்தச் சொல் எந்த ரகரத்தோடு வருகிறது என்று கேட்டு இங்கே எழுதுங்கள். ஒலிப்பதிவு இருந்தால் இன்னும் நல்லது.